ஊதா வீட்டுக்காரர்களும் பத்திரம் அண்ணாச்சியும்

விண்வெளியில் ஆறு சாம்ராஜ்யங்களைத் தனி ஆளாகத் தாக்குப்பிடித்த தளபதி ஒருவர் சங்கரன்கோவிலில் இருந்தார். அவருக்கு மூலச்சூடு உண்டு. கண்ணாடி இல்லாமல் எழுத்து தெரியாது. கரப்பான்பூச்சியை அடிக்கச் சொன்னால்கூட, "அது பாட்டுக்குப் போகுது, விடும்வே" என்பார். அப்படிப்பட்ட மனுஷரை நம்பித்தான் ஒரு கிரகமும் அதில் குடியிருந்த ஜனங்களும் பல வருஷம் உயிரோடு இருந்தார்கள். நான் கண்ணால் பார்த்தவன். நம்முடைய பூமிக்கு அப்படி ஒரு மேனேஜர் வாய்த்திருந்தால் நாம் இவ்வளவு சீரழிந்திருக்க மாட்டோம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அவருடைய உண்மையான பெயர் லாட்ஜ் முதலாளிக்கும் ரேஷன் கடைக்கும் மட்டுமே தெரியும். எங்களுக்கு அவர் பத்திரம் அண்ணாச்சி. தேரடியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த பழைய லாட்ஜ் ஒன்றின் மேனேஜர். நான் அப்போது பூச்சிமருந்துக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி. அந்த லாட்ஜில் மாத வாடகைக்கு ஓர் அறை எடுத்திருந்தேன். காலையில் புளியங்குடி எலுமிச்சைத் தோட்டங்களுக்கோ சிவகிரிப் பக்கமோ போனால் மத்தியானத்துக்குள் திரும்பிவிடுவேன். என் சட்டையில் அடிக்கிற மருந்து நெடிக்கு மூட்டைப்பூச்சிகூட என் அறையில் குடியேறவில்லை. பக்கத்து அறையில் ஒரு பாலிடெக்னிக் வாத்தியார். லாட்ஜில் அவருக்குப் பெயரே 'பாலிடெக்னிக்'தான். கம்ப்யூட்டர் பாடம் எடுப்பவர், கல்யாணம் ஆகாதவர், வானம் இடிந்து விழுந்தாலும் அதற்கு ஒரு காரணம் சொல்லக்கூடியவர். எங்கள் இருவரைத் தவிர மற்றவர்கள் எல்லாம் கோயிலுக்கு வந்து போகிறவர்கள். லாட்ஜ் பாஷையில் அவர்களுக்குப் 'பார்ட்டி' என்று பெயர்.

பார்ட்டிகள் அவசரத்தில் எதையாவது விட்டுவிட்டுப் போவார்கள். மற்ற லாட்ஜுகளில் அதையெல்லாம் சாக்கில் கட்டி மாடிப்படிக்கு அடியில் தள்ளிவிடுவார்கள். நம் அண்ணாச்சியிடம் அந்தப் பேச்சே கிடையாது. பொருளை வைத்திருந்தால் மட்டும் போதாது, விட்டபோது எப்படி இருந்ததோ அப்படியே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. யாரோ ஒரு பெரியவர் பல்செட்டை விட்டுவிட்டுப் போய்விட்டார். அண்ணாச்சி அதைக் கண்ணாடி டம்ளரில் போட்டுத் தினமும் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தார்.

"எதுக்கு அண்ணாச்சி? அவரு இந்நேரம் புதுசு கட்டியிருப்பாரு" என்றேன்.

"கட்டட்டும்வே. வந்து கேட்டா காஞ்ச பல்லையா குடுக்கது? பத்திரமா இருக்கட்டும்."

இன்னொருவர் விட்டுப்போன டைம்பீஸுக்குத் தினமும் சாவி கொடுத்தார். கோயில் உண்டியலில் போடுவதற்கென்று வாங்கிய வெள்ளித்தகட்டுப் பாம்பு ஒன்றை ஒரு குடும்பம் தலையணைக்கு அடியில் மறந்துவிட்டுப் போயிருந்தது. நீங்களே உண்டியலில் போட்டுவிடுங்களேன் என்றால், நேர்ந்துகொண்டது அவர்கள், நாம் போட்டால் கணக்கு யார் பேரில் ஏறும் என்று கேட்டார். அதை ஒரு துணியில் சுற்றி வைத்து, வெள்ளிக்கிழமை தோறும் பக்கத்தில் ஒரு கரண்டி பால் வைத்தார். வரவேற்பு மேஜைக்குப் பின்னால் இருந்த அலமாரியில் இவையெல்லாம் வரிசையாக இருக்கும். கூட்டிப் பெருக்க வரும் மாடத்தி அக்கா அந்தப் பக்கம் விளக்குமாற்றைக் கொண்டுபோகவே மாட்டார்.

"அங்கன என்னமோ மூச்சு விடுத சத்தம் கேக்கு" என்பார்.

டைம்பீஸ் சத்தம்தான் அது என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். ஆனால் கோயில் நடை சாத்திய பிறகு, ஊரே உண்ட மயக்கத்தில் கிடக்கிற மத்தியானத்தில், அந்த மேஜை முன்னால் தனியாக நின்று கேட்டால் எனக்கும் மூச்சு விடுகிற சத்தமாகத்தான் கேட்டது.

அப்படி ஒரு மத்தியானத்தில்தான் மாடி அறைப் பார்ட்டி வந்தார். குடும்பம் இல்லை, பை இல்லை. சாமி கும்பிட வந்தவர் மாதிரியும் தெரியவில்லை. வரவேற்பு மேஜையில் இருந்த கம்ப்யூட்டரைக் கொஞ்சம் தர முடியுமா என்று கேட்டு, பாக்கெட்டிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்துச் செருகி, ஒரு விளையாட்டை ஏற்றிக்கொண்டார். அப்புறம் சில நாள் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. ஒருநாள் மூன்று மணி வெயிலில், தெருவில் நாய்கூட நடமாடாத நேரத்தில், திடீரென்று எழுந்தார்.

"அண்ணாச்சி, இதைக் கொஞ்சம் பார்த்துக்குங்க. இதோ வந்திடறேன்."

"போயிட்டு வாங்க சார். பத்திரமா இருக்கும்."

அவர் வரவில்லை. அன்றைக்கு வரவில்லை, அந்த வாரம் வரவில்லை. அவர் கொடுத்த போன் நம்பர் உபயோகத்தில் இல்லை என்றது. மாடத்தி அக்கா அறையைப் பெருக்கப் போய்விட்டு உடனே இறங்கி வந்தார். படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லையாம், சோப்பு நனையவே இல்லையாம். ஆளை அடையாளம் சொல்லலாம் என்று பார்த்தால் அங்கேயும் தகராறு. பெரிய மீசை என்றார் அண்ணாச்சி. மீசையே கிடையாது என்று மாடத்தி அக்கா சத்தியம் செய்தார். எனக்கு அவருடைய பிடரி மட்டும்தான் ஞாபகம் இருந்தது. எந்த ஊர்ப் பேச்சு என்பதும் யாருக்கும் பிடிபடவில்லை.

பாலிடெக்னிக் வந்து திரையைப் பார்த்து விளக்கம் சொன்னார். கறுப்பு வானத்தில் ஓரமாக ஒரு சின்னக் கிரகம். அது அந்தப் பார்ட்டியுடையது. பெயர் போட வேண்டிய இடத்தில் வெறும் புள்ளிதான் வைத்திருந்தார். சுற்றிலும் ஆறு நிறங்களில் ஆறு எதிரி சாம்ராஜ்யங்கள். அந்த ஆறையும் கம்ப்யூட்டரே ஆடும். கீழே இருக்கிற பொத்தானை அமுக்கினால் ஆட்டம் ஒரு சுற்று நகரும். மறுபடி அமுக்கும்வரை எல்லாம் அப்படியே நிற்கும்.

"எதிரிகளோட மூர்க்கத்தை உச்சத்துக்கு ஏத்தி வச்சிட்டுப் போயிருக்காரு அண்ணாச்சி. கண்ணுல பட்டதையெல்லாம் அழிப்பானுங்க. இதுல ஜெயிக்கவே முடியாது."

"ஜெயிக்கணும்னு யாருவே சொன்னா? அவரு வாரவரைக்கும் இருக்கணும். அவ்வளவுதான்."

"அப்ப சுலபம். பொத்தானை அமுக்காம விட்டுருங்க. எத்தனை வருஷமானாலும் ஒருத்தனும் கிட்ட வர முடியாது."

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் அவர் சொன்னதை நான் இன்றுவரை மறக்கவில்லை.

"அங்கன ஜனம் இருக்குல்லாவே? அமுக்காம விட்டா சோறு திங்கவன் கை வாய்க்குப் போகாம அப்படியே நிக்கும். பிள்ளை பெற வலி எடுத்தவ அப்படியே கெடப்பா. எத்தனை நாளைக்குவே அப்படிக் கெடப்பா?"

பாலிடெக்னிக் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

ஆக, ஒரு நாளைக்கு ஒரு சுற்று என்று முடிவானது. பார்ட்டி எழுந்துபோன அதே மூன்று மணிக்கு அண்ணாச்சி ஊதுபத்தி ஏற்றி, விபூதி பூசி, பொத்தானை ஒரு தடவை அமுக்குவார். செவ்வாய்க்கிழமை மட்டும் அந்த நேரத்தில் ராகுகாலம் என்பதால் நாலரைக்கு மேல். அமுக்கியதும் திரையில் கப்பல்கள் எறும்பு போல நகரும். ஆறு பேரில் யார் எந்தப் பக்கம் நகர்ந்தான் என்பதை அவர் கண்ணாடி வழியாக உற்றுப் பார்ப்பார். பிறகு பாலிடெக்னிக்கிடமோ என்னிடமோ, "ஜனங்க எப்படி இருக்காங்கன்னு போட்டிருக்கு?" என்று கேட்பார். கிரகத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் ஒரு சொல் இருக்கும். முதல் வருஷம் முழுக்க அது 'பயத்தில்' என்றே இருந்தது. அதைக் கேட்டுவிட்டு அண்ணாச்சி சாப்பிடப் போகமாட்டார்.

ஆறு எதிரிகளைச் சமாளிக்க அவர் கண்டுபிடித்த வழியை எந்த ராணுவக் கல்லூரியிலும் சொல்லித்தர மாட்டார்கள். ஆறு பேரையும் சம்பந்தி வீட்டுக்காரர்களாக நினைத்துக்கொண்டார். சிவப்பு வீடு, பச்சை வீடு, மஞ்சள் வீடு, ஊதா வீடு என்றுதான் பேசுவார். அவர்கள் மிரட்டல் கடிதம் அனுப்பினால் பதில் பேச மாட்டார். ஆடிக்கும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சீர் அனுப்புவார். அந்த விளையாட்டில் தாதுப்பொருளைப் பரிசாகக் கொடுக்க ஒரு வழி இருந்தது. அதில் யாருக்கு முதலில் போக வேண்டும் என்பதில் பெரிய கவனம். அந்த மாதம் யார் பலசாலியோ அவருக்குத்தான் முதல் தட்டு. ஒருமுறை பச்சை வீட்டுக்கு முன்னால் மஞ்சள் வீட்டுக்குப் போய்விட்டது என்று இரண்டு நாள் புலம்பினார்.

கிரகத்தில் ஆயுதம் செய்யாமல் மதில் மட்டும் கட்டினார். விளைச்சல் கூடினால்கூட வெளியே தெரியாமல் பூமிக்கு அடியில் சேர்த்து வைத்தார்.

"வசதியா இருக்கோம்னு காட்டப்பிடாதுவே. நல்ல சேலையை வாசல்ல காயப்போட்டாத்தான கண்ணு உறுத்தும்."

அவருடைய பெரிய சாமர்த்தியம் பந்தியில் யாரை எங்கே உட்காரவைப்பது என்பதில்தான். சிவப்பு வீட்டுக்கும் பச்சை வீட்டுக்கும் நடுவில் எதற்கும் உதவாத ஒரு பாறை மிதந்துகொண்டிருந்தது. அதைப் பிடித்துப் பச்சை வீட்டுக்குத் தானமாகக் கொடுத்தார். அவ்வளவுதான், இரண்டு வீடும் அந்தப் பாறைக்காக மாதக்கணக்கில் அடித்துக்கொண்டன.

"கல்யாண வீட்டுல ஆகாதவங்களைத் தள்ளித் தள்ளி உக்காத்துவோம்லா? இங்கன பக்கத்துல பக்கத்துல உக்காத்தணும்வே" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது இவர் எத்தனை கல்யாண வீடுகளில் என்னென்ன செய்திருப்பாரோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் ஒரு செவ்வாய்க்கிழமை குறுக்கே வந்தது. கிழமையை மறந்து அண்ணாச்சி மூன்று மணிக்கே பொத்தானை அமுக்கிவிட்டார். அமுக்கியதும் திரையின் நடுவில் ஒரு பெட்டி விழுந்தது. பாலிடெக்னிக் துள்ளிக் குதித்தார். சிவப்பு வீடு சமாதானத்துக்கு வருகிறது, நிரந்தர நட்பு ஒப்பந்தம், 'சம்மதம்' என்று அமுக்கினால் போதும், இனி அந்தப் பக்கத்திலிருந்து தொல்லையே கிடையாது என்றார். அண்ணாச்சி கையைக் கொண்டுபோனார். போன கை நின்றுவிட்டது.

"இன்னைக்கு என்னவே கிழமை?"

"செவ்வாய்."

"ஐயையோ. நாலரை ஆகட்டும்."

"அண்ணாச்சி, விண்வெளியில ஏது ராகுகாலம்?"

"ராகு எங்கனவே இருக்காரு? அங்கனதான இருக்காரு!"

இதற்குப் பதில் சொல்லப் பாலிடெக்னிக்கில் பாடத்திட்டம் இல்லை. மூன்று பேரும் அந்தப் பெட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். நாலரைக்குக் கொஞ்சம் முன்னால் கரண்டு போய்விட்டது. கரண்டு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தபோது ஆட்டம் முந்தின நாள் நிலைமைக்குப் போயிருந்தது. பரவாயில்லை, மறுபடி அமுக்கினால் மறுபடி வரும் என்றார் பாலிடெக்னிக். நல்ல நேரம் பார்த்து அமுக்கினார் அண்ணாச்சி. சிவப்பு வீட்டிலிருந்து மறுபடியும் ஒரு பெட்டி விழுந்தது. இந்தத் தடவை அதில் இருந்தது போர் அறிவிப்பு. கிளம்பிய படை எங்கள் கிரகத்துக்கு வந்துசேர, தினம் ஒரு சுற்று என்ற எங்கள் கணக்கில், பல மாதம் ஆகும் என்று தெரிந்தது.

அந்தப் படை பாதி வழியில் இருக்கும்போதுதான் ஊரடங்கு வந்தது.

சங்கரன்கோவிலுக்கு மௌனம் பழக்கமில்லை. எந்தத் தெருவில் படுத்தாலும் விசைத்தறிச் சத்தம் தரை வழியாக ஏறி நம் உடம்புக்குள் ஓடும். புதிதாக வந்தவனுக்கு அதனால் தூக்கம் வராது, பழகியவனுக்கு அது இல்லாமல் வராது. அந்தச் சத்தம் ஒரே நாளில் நின்றது. கோயில் கதவு சாத்தியது சாத்தியபடி கிடந்தது. ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கால் வைக்க இடமில்லாமல் போகும் ரத வீதிகளில் ஆடிக்காற்று மட்டும் காகிதத்தை உருட்டிக்கொண்டு போனது. பஸ் இல்லாததால் பாலிடெக்னிக் ஊருக்குப் போக முடியவில்லை. எனக்குப் போக மனசில்லை. லாட்ஜில் பூட்டிய அறைகளுக்குள் எங்கேயோ ஒரு ஜன்னல் அடித்துக்கொண்டே இருக்கும். மூடலாம் என்று போய்ப் பார்த்தால் எல்லா ஜன்னல்களும் மூடித்தான் இருக்கும்.

அந்த நாட்களில் அண்ணாச்சி முகக்கவசத்தோடு மூன்று மணிக்கு வந்து உட்காருவார். நாங்களும் வந்துவிடுவோம். வெளியே நகர்கிற பொருள் ஒன்றும் இல்லாத ஊரில், அந்தத் திரையில் மட்டும் தினமும் எதுவோ நகர்ந்தது. ஒருநாள் அண்ணாச்சி பொத்தானை அமுக்கினார். ஊதா வீட்டிலிருந்து ஒரு பெட்டி விழுந்தது. ஊதா வீடு அதுவரை எங்களிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை, மிரட்டியதும் இல்லை, சீர் அனுப்பினால் வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்கும். பாலிடெக்னிக் வாசித்தார். வாசித்துவிட்டு மறுபடி வாசித்தார்.

"என்னவே சொல்லுதான்?"

"'எங்களுக்குத் தெரிஞ்ச ஆள் நீங்க இல்லை'ன்னு போட்டிருக்கு அண்ணாச்சி."

அலமாரியில் டைம்பீஸ் ஓடுகிற சத்தம் கேட்டது. மாடத்தி அக்கா விளக்குமாற்றைப் போட்டுவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். பாலிடெக்னிக் தொண்டையைச் செருமிக்கொண்டு, இது ஒன்றுமில்லை, ஆடுகிறவருடைய போக்கு ஒரேயடியாக மாறினால் இந்த வாசகம் வருவதுபோல எழுதி வைத்திருப்பார்கள் என்றார். அப்படியானால் பார்ட்டி போய் இத்தனை நாள் கழித்து ஏன் வருகிறது என்று நான் கேட்டேன்.

அண்ணாச்சி மட்டும் பதறவில்லை. விசாரித்து வந்தவர்களுக்குப் பதில் சொல்வதுதானே அவர் தொழில். முகக்கவசத்தை இறக்கிக்கொண்டு திரையைப் பார்த்துச் சொன்னார்.

"ஆமா. அவரு வெளிய போயிருக்காரு. நான் இங்கன மேனேஜரு. என்ன விஷயம்னாலும் எங்கிட்டச் சொல்லுங்க."

சொல்லிவிட்டு, பெட்டியில் இருந்த ஒரே பொத்தானை அமுக்கி மூடினார்.

மறுநாள் முதல் ஊதாக் கப்பல்கள் வர ஆரம்பித்தன. ஒவ்வொன்றாக வந்து கிரகத்தைச் சுற்றி நின்றன. சுடவில்லை, போகவும் இல்லை. துட்டி கேட்க இழவு வீட்டு வாசலில் வந்து நிற்கிறவர்களைப் போல, ஒன்றும் பேசாமல் நின்றன. திரையின் பாதி ஊதாவாகிவிட்டது. மத்தியானம் நான் தண்ணீர் குடிக்கக் கீழே இறங்கினால், இருட்டுக் கூடத்தில் அண்ணாச்சியின் கண்ணாடியில் இரண்டு ஊதா வட்டங்கள் தெரியும். அதைப் பார்த்துவிட்டு நான் பலநாள் தாகத்தோடு மாடிக்குத் திரும்பியிருக்கிறேன்.

சிவப்புப் படை வந்துசேர்ந்த நாளில் நாங்கள் யாரும் சாப்பிடவில்லை. அண்ணாச்சி ஊதுபத்தி இரண்டாக ஏற்றினார். பொத்தானை அமுக்கினார். படை கிரகத்தை நோக்கி இறங்கியது. ஊதாக் கப்பல்கள் இருந்த இடத்தைவிட்டு அசையவே இல்லை. சிவப்புக் கப்பல்கள் அவற்றின்மேல் போய் மோதின. திரை முழுக்க வெளிச்சம். எல்லாம் அடங்கியபோது சிவப்பில் மிஞ்சியவை திரும்பிப் போய்க்கொண்டிருந்தன. ஊதா பழையபடி நின்றது. எங்கள் மதிலில் ஒரு கீறல் இல்லை.

"இது சம்பந்திகளுக்குள்ள உள்ள விஷயம். நாம உள்ள போகப்பிடாது" என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி ஊதா வீட்டுக்கு ஒரு சீர் தட்டு அனுப்பினார். அன்றைக்கு ஜனங்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டபோது, கிரகத்துக்குக் கீழே இருந்த சொல் மாறியிருந்ததைப் பார்த்தேன். 'நிம்மதி' என்றிருந்தது. சொன்னேன். அந்த மனுஷர் திரும்பி உட்கார்ந்துகொண்டு துண்டால் முகத்தைத் துடைத்தார்.

ஊரடங்கு முடிந்தது. தறிகள் ஓடின, கோயில் திறந்தது, பார்ட்டிகள் வந்தார்கள், பல்செட்டுக்குத் துணையாக இன்னொரு பல்செட்டும் வந்தது. கிரகம் தினமும் ஒரு சுற்று நிம்மதியாகச் சுழன்றது. அண்ணாச்சிக்கு ஒரே கவலைதான் இருந்தது. "அவரு வந்தா இதை ஒப்படைச்சிட்டு நான் சிவனேன்னு இருப்பேன்" என்பார். ஆனால் மூன்று மணிக்கு வாசலில் யாருடைய நிழலாவது விழுந்தால் அவர் முகம் ஒரு மாதிரி ஆகும். வரவேண்டும் என்று பார்க்கிறாரா, வந்துவிடக் கூடாது என்று பார்க்கிறாரா என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

வந்தார். தேதியெல்லாம் எதற்கு, ஒரு மத்தியானம். நான் வரவேற்பு மேஜை அருகே உட்கார்ந்து செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்தேன். படியேறி வருகிற சத்தம் எதுவும் கேட்கவில்லை. தலையை நிமிர்த்தினால் எதிரே ஆள் நிற்கிறார். டீ குடித்துவிட்டு வந்தவர் மாதிரி கேட்டார்.

"அண்ணாச்சி, என் ஆட்டம் இருக்கா?"

அண்ணாச்சி எழுந்து நின்றார். எங்கே போனீர்கள், ஏன் வரவில்லை என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. துண்டால் விசைப்பலகையைத் துடைத்தார், நாற்காலியைத் துடைத்தார், விலகி நின்றார்.

"இருக்கு சார். பத்திரமா இருக்கு. பச்சை வீட்டுக்கு ஆடிச் சீரு போயாச்சு. சிவப்பு வீட்டுக்காரருதான் இன்னும் மூஞ்சி குடுத்துப் பேச மாட்டாரு. ஊதா வீட்டுக்காரங்க சும்மா நிக்காங்க, ஒண்ணும் செய்யமாட்டாங்க. ஜனங்க இப்பம் நிம்மதியா இருக்காங்க சார். கொஞ்சம் பாத்து…"

அவர் உட்கார்ந்துவிட்டார். பேச்சைக் காதில் வாங்கியமாதிரி தெரியவில்லை. பூமிக்கு அடியில் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் எடுத்து ஆயுதமாக்கினார். அண்ணாச்சி ஒரு நாளைக்கு ஒரு தடவை அமுக்கிய பொத்தானை அவர் தொடர்ந்து தட்டிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு தட்டுக்கும் அண்ணாச்சியின் தோள் சின்னதாகக் குலுங்கியது. ஆயுதம் தயாரானதும் அந்த மனிதர் முதலில் குறி வைத்தது, பக்கத்தில் சும்மா நின்ற ஊதாக் கப்பல்களைத்தான்.

சுட்டதும் ஊதா வீட்டிலிருந்து ஒரு பெட்டி விழுந்தது. பாலிடெக்னிக் அப்போது பாடம் எடுக்கப் போயிருந்தார். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் எட்டிப் பார்த்து வாசித்தேன். மறுபடி ஒரு தடவை வாசித்தேன்.

"என்னவே?"

"எங்களுக்குத் தெரிஞ்ச ஆள் நீங்க இல்லை."

நாற்காலியில் இருந்தவர் பெட்டியை மூடிவிட்டு மறுபடி சுட்டார். ஊதாக் கப்பல்கள் திருப்பிச் சுடவில்லை. வந்தது போலவே ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின. அவை போய் வானம் கறுப்பானதும், சிவப்பு வந்தது, பச்சை வந்தது, மற்றவர்களும் வந்தார்கள். ஓரத்தில் இருந்த சின்னக் கிரகம் ஒரு தடவை மினுங்கியது. அப்புறம் அங்கே ஒன்றும் இல்லை.

"ப்ச், போரடிக்குது" என்று எழுந்தார். "வரேன் அண்ணாச்சி."

போய்விட்டார். எனக்கு அந்த ஆளைப் பின்னால் ஓடிப்போய் அறையலாம் போல இருந்தது. ஓடினேன்கூட. படியிறங்கித் தெருவுக்கு வந்தால், தேரடி வரைக்கும் வெயில்தான் இருந்தது. திரும்பி வந்து அண்ணாச்சியிடம் கத்தினேன்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா? கையைப் பிடிச்சு நிறுத்தியிருக்கலாம்லா? இத்தனை வருஷம் காப்பாத்தினது நீங்கதான அண்ணாச்சி!"

"அவரு சாமான்வே. அவருகிட்ட ஒப்படைச்சாச்சு" என்றார்.

குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டார். பின்கட்டுக்குப் போய், குழாயடியில் நின்று, வாளித் தண்ணீரைக் கட்டிய வேட்டியோடு தலையில் ஊற்றிக்கொண்டார். நடு மத்தியானத்தில் எங்கள் பக்கத்து மனுஷன் உடுத்த துணியோடு தலை முழுகினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மாடத்தி அக்கா பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

"அண்ணாச்சி, யாரு? யாரு போயிட்டா?"

அவர் தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றார்.

"ஊரே போயிட்டு மாடத்தி. ஒரு குஞ்சு குருமான் மிச்சமில்ல."

மாடத்தி அக்கா எந்த ஊர் என்று கேட்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரோரமாகச் சாய்ந்து உட்கார்ந்தார். அண்ணாச்சி மறுபடி வாளியைத் தூக்கப் பார்த்தார், கையில் பலமில்லை. நான் வாங்கி அவர் தலையில் ஊற்றினேன். பிறகு எனக்கும் ஊற்றிக்கொண்டேன். சாயங்காலம் பாலிடெக்னிக் வந்தார். ஈர வேட்டி கொடியில் கிடப்பதைப் பார்த்தார், எங்கள் முகத்தைப் பார்த்தார், கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் காரணம் சொல்கிற அந்த மனுஷர் பையை இறக்கி வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் குழாயடிக்குப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டார்.

அண்ணாச்சி தலை துவட்டாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். சளிப் பிடித்துவிடும் என்று துண்டை எடுத்து நானே துவட்டிவிட்டேன். பிள்ளை மாதிரி தலையைக் குனிந்து கொடுத்தார். எனக்கு அந்த மனுஷரை ரொம்பப் பிடிக்கும்.